கையில் ஒரு காகிதம் கொடுங்கள்: பேஸ்மென்ற் வாடகைக்கு விடும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் சொந்த வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டிருக்கும் அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும்,

நானும் ஒரு வீட்டுக்காரிதான். எங்கள் வீட்டின் கீழேயும் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மோட்கேஜ் காசு மாதம் தவறாமல் வங்கிக்குப் போகவேண்டும், அதில் ஒரு பங்கு கீழிருந்துதான் வரவேண்டும் என்ற கணக்கு உங்களுக்குத் தெரிவது போல எனக்கும் தெரியும். உங்களோடு ஒரே வரிசையில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வந்த நம் சனத்துக்கு மொழிபெயர்க்கவும் படிவம் நிரப்பவும் துணைக்குப் போவது என் வழக்கம். பள்ளிக்கூட அலுவலகம், கிளினிக், சேர்விஸ் ஒன்ராறியோ வரிசை, லோயரின் காத்திருப்பு அறை என்று எங்கே போனாலும் ஓர் இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். "எங்கே இருக்கிறீர்கள்? அதற்கு என்ன அத்தாட்சி?" என்ற கேள்விதான் அது. வந்தவரிடம் கடவுச்சீட்டு இருக்கும், தடுப்பூசி அட்டை இருக்கும், பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு நான்கு பிரதி இருக்கும். இந்த ஊரில் இந்தக் கூரையின் கீழ் இவர் இருக்கிறார் என்று சொல்லும் ஒரு துண்டுக் காகிதம் மட்டும் இருக்காது. அதைக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

நம்முடைய கடைகளின் வாசல் பலகையைப் பாருங்கள். "பேஸ்மென்ற் வாடகைக்கு. தனி வாசல். பஸ்ஸுக்குக் கிட்ட. தமிழ் ஆட்கள் மட்டும்." கீழே தொலைபேசி எண்ணைச் சீவல் சீவலாக வெட்டித் தொங்கவிட்டிருப்போம். புதிதாக வந்தவருக்கு அந்தச் சீவல்தான் இந்த நகரத்தின் திறந்த ஒரே கதவு. பெரிய அடுக்குமாடிகளுக்குப் போனால் கனடாக் கிரெடிட் எண் கேட்பார்கள், வேலைக் கடிதம் கேட்பார்கள், முந்தைய வீட்டுக்காரரின் நற்சாட்சி கேட்பார்கள். பியர்சன் விமான நிலையத்தில் போன வாரம் இறங்கியவரிடம் அவற்றில் எது இருக்கும்? வேறு போக்கிடம் இல்லை என்பதால் நாங்கள் சொல்வதற்கெல்லாம் அவர் "ஓம்" சொல்கிறார். எங்கள் வாசலில் நின்று அவர் சொல்லும் அந்த ஓமை நாங்கள் கையாளும் விதத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நாங்களும் இப்படித்தான் வந்தோம். 1980களின் இறுதியில் வெலஸ்லி, பார்லிமென்ற் வீதிகளை ஒட்டிய சென்ற் ஜேம்ஸ் டவுன் மாடிகளில் ஓர் அறைக்குள் எத்தனை பேர் படுத்தோம் என்று உங்களில் பலர் இன்றைக்கும் சிரித்துச் சொல்வீர்கள். அந்த அப்பார்ட்மென்ற்றின் லீஸ் ஒருவருடைய பெயரில் இருக்கும். மற்ற எல்லோரும் அந்த ஒரு பெயரின் நிழலில் இருப்போம். சுப்பரின்ரெண்டன் வந்து தட்டினால் பாதிப்பேர் குளியலறைக்குள். கடிதம் வருவதும், வேலைக்கு விண்ணப்பிப்பதும், ஊரிலிருந்து அம்மாவைக் கூப்பிடுவதும் எல்லாம் அந்தப் பெயர்க்காரரின் தயவில்தான் நடந்தன. அவர் நல்லவராய் இருந்தால் பிழைத்தோம். இன்று பெயரும் உறுதியும் நம்முடையவை. நிழலில் இருப்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். விசிற்றர் விசாவில் வந்து அகதிக் கோரிக்கை வைத்தவர்கள், கல்லூரிக்கு வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள், வேலை அனுமதியோடு வந்த தம்பதிகள்.

ஒரு செப்டெம்பர் காலையைச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய், பள்ளிக்கூட அலுவலகத்தில். பிள்ளைகள் தலைவாரி, புதுப் பையை முதுகில் மாட்டி, அன்றைக்கே வகுப்புக்குப் போய்விடலாம் என்ற நினைப்போடு நிற்கிறார்கள். செயலாளர் பொறுமையான மனுஷி. முகவரிக்கு ஏதாவது ஒன்று காட்டுங்கள், லீஸ் போதும், வங்கிக் கடிதம் போதும் என்கிறார். தாயிடம் ஒன்றும் இல்லை. வாடகையை மாதாமாதம் காசாகக் கொடுக்கிறார். வீடு எடுத்த அன்று லீஸ் கேட்டபோது, "அதெல்லாம் என்னத்துக்கு தங்கச்சி, நாங்கள் எல்லாரும் ஒரு சனம்தானே" என்று பதில் வந்ததாம். நான் அந்த வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்பான குரல். விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறியது. "என்ர அட்ரஸ ஒரு இடமும் குடுக்க வேண்டாம் எண்டு அவவுக்கு முதலே சொன்னனான்." பிள்ளைகள் அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. பையைக் கழற்றச் சொன்னபோது சின்னவன் கழற்ற மறுத்துவிட்டான்.

அந்த வீட்டுக்காரர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தீபாவளிக்கு அந்தப் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கிக் கொடுத்தவர். ஆனால் உடுப்பு வாங்கிக் கொடுக்க முன்வரும் கை ஒரு கையெழுத்துக்குப் பின்வாங்குவது ஏன்?

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும், வெளியே சொல்வதில்லை. வருமான வரி. வாடகைக் காசைக் காட்ட வேண்டிவரும் என்ற பயம். ரசீது கொடுத்தால் அவர் வரிப் படிவத்தில் எழுதுவார் என்பதும் உண்மைதான். ஒன்ராறியோவில் குறைந்த வருமானக்காரர்களுக்குக் கிடைக்கும் டிரில்லியம் உதவித்தொகைக்கு, செலுத்திய வாடகையைக் கணக்குக் காட்டலாம். வாடகையில் 20 வீதத்தைச் சொத்துவரிப் பங்காக எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள். அந்தப் படிவத்தில் வீட்டுக்காரரின் பெயரையும் கேட்பார்கள். அதனால்தான் நம்மில் சிலர் ரசீது என்ற பேச்சையே எடுக்க விடுவதில்லை. குறைந்தபட்சக் கூலிக்கு வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு அரசு கொடுக்க இருக்கும் காசை, நமது வரியை மறைப்பதற்காக நாமே தடுத்துவிடுகிறோம்.

அந்தப் பயத்துக்கும் பெரிய அடிப்படை இல்லை. வாடகை வருமானத்தைக் காட்டும் டீ776 படிவத்தில் செலவையும் காட்டலாம். பேஸ்மென்ற் வீட்டின் மூன்றில் ஒரு பங்கு என்றால், மோட்கேஜ் வட்டியில், சொத்துவரியில், காப்புறுதியில், ஹைட்ரோ மின்கட்டணத்தில், காஸில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கலாம். அசலைக் கழிக்க முடியாது, வட்டியைக் கழிக்கலாம். வட்டி ஏறியிருக்கும் காலத்தில் இந்தக் கழிவுகளுக்குப் பிறகு வரிக்கென்று மிஞ்சுவது பலருக்கும் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அப்படியே வீட்டுக் காப்புறுதிக் காரரிடமும் கீழே ஆள் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு, நாளைக்குத் தண்ணீர் புகுந்தோ தீப்பிடித்தோ இழப்பீடு கேட்கும்போது அவர்கள் கையை விரித்தால், மறைத்த வரியைப்போல் பல மடங்கு போய்விடும்.

லீஸ் எழுதாவிட்டால் சட்டம் நம் வீட்டு வாசலுக்கு வராது என்றொரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அது பிழை. வாய்ப்பேச்சில் விட்டாலும் அது வாடகைதான். 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் அதற்கும் பொருந்தும். 2018 ஏப்ரல் 30 முதல் ஒன்ராறியோ அரசு ஒரே மாதிரியான லீஸ் படிவம் ஒன்றை வைத்திருக்கிறது. இணையத்தில் இலவசம். வாடகைக்கு இருப்பவர் அதை எழுத்தில் கேட்டு 21 நாளுக்குள் நாங்கள் கொடுக்காவிட்டால், ஒரு மாத வாடகையை அவர் பிடித்து வைக்க முடியும். ரசீதும் அப்படித்தான். கேட்டால் காசு வாங்காமல் கொடுக்கவேண்டும். வீட்டை விட்டுப் போய் ஓராண்டுக்குள் வந்து கேட்டாலும் கொடுக்கவேண்டும்.

காகிதம் நம்மையும் காக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வாடகை எவ்வளவு, ஹைட்ரோ யாருக்கு, கராஜில் கார் விடலாமா, பின்வளவுப் பனியை யார் அள்ளுவது என்பதெல்லாம் எழுத்தில் இல்லாவிட்டால், பிணக்கு வரும் நாளில் உங்கள் சொல்லுக்கு என்ன அத்தாட்சி?

தபாலைப் பற்றியும் சொல்லவேண்டும். அகதிக் கோரிக்கை வைத்தவருக்குக் குடிவரவு அகதிகள் சபையிடமிருந்து விசாரணைக் கடிதம் வரும். அது கைக்குக் கிடைக்காமல், அவர் விசாரணைக்குப் போகாமல் விட்டால், கோரிக்கையைக் கைவிட்டுவிட்டார் என்று சபை முடிவெடுக்கலாம். போரிலிருந்தும் சிறையிலிருந்தும் தப்பி வந்த ஒருவரின் வழக்கு, எங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் அவருடைய பெயரை எழுத விடாததால் முடிந்துவிடக்கூடாது. பெட்டிக்குள் ஒரு துண்டில் கீழ்வீட்டுக்காரரின் முழுப்பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். விளம்பரக் கடதாசிகளோடு சேர்த்து அவருடைய கடிதத்தையும் மறுசுழற்சிப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது முன்பணம். 1,500 டொலர் கேட்கும் ஒரு பேஸ்மென்றை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி நாங்கள் கேட்கக்கூடியது முதல் மாத வாடகையும், கடைசி மாதத்துக்கென்று ஒரு மாத வாடகையும்தான். 3,000. அந்தக் கடைசி மாதக் காசுக்கு ஆண்டுதோறும் வட்டியும் கொடுக்கவேண்டும். சுவர் பழுதானால் என்று தனியாக ஒரு தொகை, ஆறு மாத வாடகை முன்கூட்டி, ஒரு வருடத்துக்கான காசோலைகள் கட்டாயம், இவை எதையும் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் கேட்கும் வழக்கம் நம்மிடையே பரவிவிட்டது. "வேலை இல்லாத ஆள், எப்படி நம்புறது?" என்கிறார்கள். வேலை அனுமதிக்காகக் காத்திருப்பவரிடம் 9,000 டொலர் எங்கிருந்து வரும்? ஊரில் நகையை அடகு வைத்து வரும். பாரிஸிலோ லண்டனிலோ உள்ள மச்சானிடம் கைமாற்றாக வரும். வந்த முதல் மாதமே கடனாளியாகிவிடுகிற ஒருவரால் ஏழாம் மாத வாடகையை எப்படி ஒழுங்காகக் கொடுக்க முடியும்? நம்பிக்கைக்காக வாங்கும் அந்தக் காசுதான் அவரைக் கொடுக்க முடியாதவராக ஆக்குகிறது.

கல்லூரிப் பிள்ளைகள் விஷயம் இதைவிடச் சங்கடமானது. படிப்பு அனுமதிக்கு அவர்கள் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணத்தை 2024 ஜனவரியில் 10,000 டொலரிலிருந்து 20,635 டொலருக்கு உயர்த்தினார்கள். வரும் பிள்ளையின் கணக்கில் அந்தக் காசு இருக்கும் என்று தெரிந்ததும், அதைக் குறிவைத்து முன்பணம் கேட்கத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு தகப்பன் வீட்டை வங்கிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிய காசு அது. அறைக்கு நான்கு மெத்தை போட்டு மெத்தைக் கணக்கில் வாடகை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நான்கோ அதற்கு மேலோ அறைகளைத் தனித்தனி ஆட்களுக்கு விட்டு அவர்கள் சமையலறையையோ குளியலறையையோ பொதுவாகப் பாவிப்பதென்றால், ரொறன்ரோவில் நகரசபை உரிமம் வேண்டும். முன்பு ஸ்காபரோவில் அப்படி விடுவதற்கே அனுமதி இல்லை. 2024 மார்ச் 31 முதல் ரொறன்ரோ முழுவதும் உரிமத்தோடு விடலாம். இன்று ஒளித்து நடத்த ஒரு நியாயமும் இல்லை. உரிமம் எடுக்கப் போனால் தீயணைப்புக்காரர் வந்து பார்ப்பார் என்பதுதான் பலருக்குத் தயக்கம். அவர் வந்து பார்க்கத்தான் வேண்டும்.

குளிரைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. இரவுவேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஜனவரியில் போயிருந்தேன். விடியப் பண்டகசாலை வேலை முடித்து, இரண்டு பஸ் மாறி வந்து, பகலில் தூங்குகிறவர். (2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்ரி ரயில் தடம்புரண்டு நிரந்தரமாக நின்றதிலிருந்து இந்தப் பக்கத்துப் பஸ் பயணங்கள் பலவும் நீண்டுவிட்டன. "பஸ்ஸுக்குக் கிட்ட" என்று நாங்கள் எழுதுவதை நம்பி வருகிறவர்கள்தான் அதைச் சுமக்கிறார்கள்.) தெர்மொஸ்டாற் மேல்வீட்டு ஹோலில். மேலே எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் நேரத்தில், காஸ் மிச்சம் பிடிக்க, சூடு தானாகக் குறையும்படி வைத்திருக்கிறார்கள். கீழே சீமெந்துத் தரையின் குளிர் பாயைத் தாண்டி ஏறுகிறது. அவர் கோட்டோடு படுத்திருந்தார். சின்ன வெப்பமானி ஒன்றை மேசையில் வைத்துப் பார்த்தோம். 15 காட்டியது. ஒன்ராறியோ விதிப்படி செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டுக்குள் 20 பாகைக்குக் குறையக்கூடாது. அது இரவுக்கும் பகலுக்கும் பொது. மேல்வீட்டார் அவரைக் குளிரில் விடவேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. கீழே பகலில் ஒருவர் உறங்குகிறார் என்பது அவர்கள் எண்ணத்திலேயே இல்லை. சொல்லிப் போனதும் மாற்றினார்கள். அந்தப் பெண் மட்டும், "அவையள் குறை நினைக்கப் போகினம், ஏன் சொன்னீங்கள்" என்று என்னோடு இரண்டு கிழமை சரியாகப் பேசவில்லை. வீட்டுக்காரரின் முகம் கோணினால் வீடு போய்விடும் என்ற பயம் எத்தனை ஆழமானது என்று பாருங்கள்.

கதவைத் தட்டாமல் கீழே இறங்குவதும் இப்படி யோசிக்காமல் நாங்கள் செய்வதுதான். எங்கள் ஃபிறீசர் கீழே இருக்கும். நண்டும் விளைமீனும் முருங்கையிலையும் அதற்குள் இருக்கும். சமைக்கும் நேரத்தில் யாராவது படியிறங்கி எடுத்துவிட்டு வருவோம். வீடு நம்முடையது, உண்மை. வாடகை வாங்கிய பிறகு அந்தத் தளம் அவர்களுடைய குடியிருப்பு. உள்ளே போக 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் காரணம் சொல்லி, காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் போகவேண்டும் என்பது சட்டம். அவசரமென்றால் வேறு கதை. கீழே ஒரு குமர்ப்பிள்ளை இருக்கிறாள், குளித்துவிட்டு வருகிறாள், எந்த நேரத்தில் எந்த மாமா படியிறங்கி வருவார் என்று தெரியாத வீட்டில் அவள் எப்படி இருப்பாள்? ஃபிறீசரை மேலே ஏற்றிவிடுங்கள்.

தீ விஷயத்தில் நான் கெஞ்சவே செய்கிறேன். புகை அலாரமும் கார்பன் மோனொக்சைட் அலாரமும் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. கார்பன் மோனொக்சைட்டை மணத்தாலும் கண்ணாலும் அறிய முடியாது. காஸ் அடுப்பும் ஃபர்னஸும் உள்ள வீட்டில், ஃபர்னஸ் இருப்பதே பெரும்பாலும் கீழே, அவர்கள் படுக்கும் அறைக்குப் பக்கத்தில்தான். அடுத்தது வெளியேறும் வழி. படிக்கட்டில் தீப்பிடித்தால் கீழே இருப்பவர் எதனால் வெளியே வருவார்? ஜன்னலால் என்றால், ஆள் நுழையும் அளவு அது இருக்கிறதா, கள்வருக்குப் பயந்து கம்பி அடித்திருக்கிறோமா, வெளியே பனி குவிந்து மூடியிருக்கிறதா? உங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் விளக்கை அணைத்துவிட்டு நீங்களே ஒருமுறை அந்த ஜன்னலால் வெளியேறிப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாயால் முடியாது. அந்த அறையைத் திருத்தும்வரை படுக்கையறையாக விடாதீர்கள்.

எழுதக் கூச்சமாக இருக்கும் ஒன்றையும் எழுதுகிறேன். "ஊரில எவடம்?" என்ற கேள்வி. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் அது பாசம். வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அது சாதியை அறியும் கேள்வி. "எந்தக் கோயிலடி?" "அங்க ஆற்ற பகுதி?" என்று கேள்வி இறங்கி இறங்கிப் போய், கடைசியில் "நேற்றே ஒராள் பேசி வைச்சிட்டினம்" என்று முடியும். அடுத்த வாரமும் அந்த அறிவிப்பு கடை வாசலில் தொங்கும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் வேறு சுற்றுவழியில் அதே கேள்வி. ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2023 அக்டோபரில் சாதிப் பாகுபாட்டைப் பற்றித் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. மனித உரிமைக் கோவை அதைத் தடுக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பம் வேண்டாம், அரச உதவிப்பணம் எடுப்பவர் வேண்டாம் என்று தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள பேஸ்மென்றுக்குச் சொல்வதும் அதே கோவையில் தடுக்கப்பட்டது. நாங்கள் வந்த கதையையும் நினைத்துப் பாருங்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கஸ் டால்ற்றன் என்ற மீனவரும் அவருடைய தோழர்களும் மீட்டார்கள். நம்முடைய கனடாக் கதையை எங்கே சொன்னாலும் அந்தப் படகுகளில் இருந்துதான் தொடங்குகிறோம். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற வீட்டில், கீழ்த்தளத்துக்கு ஆள் எடுக்கும்போது கோயிலடி கேட்கலாமா?

உங்கள் பக்கத்து நோவும் எனக்குத் தெரியும். 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 வீதமாக ஏறியபோது, மாறும் வட்டியில் மோட்கேஜ் எடுத்தவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரண்டாவது வேலைக்குப் போன ஆட்கள் எத்தனை பேர்! வாடகை கொடுக்காமல் மாதக்கணக்கில் இருந்துவிட்டுப் போனவர்களால் அடிபட்டவர்களும் நம்மில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர்-வாடகைக்காரர் பிணக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் இலகுவில் நாள் கிடைப்பதில்லை. ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் போல் டூபே 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் அங்கே 38,000க்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடப்பதாகச் சொன்னார். இந்தத் தாமதம் இரண்டு பக்கத்துக்கும் அநீதி. அதற்காகக் குரல் கொடுப்பதென்றால் நானும் உங்களோடு வருகிறேன்.

ஆனால் அந்தத் தாமதத்துக்குப் பதிலாகப் பூட்டை மாற்றுவதையும் ஹைட்ரோவை நிறுத்துவதையும் ஏற்க முடியாது. "மகனுக்குக் கலியாணம், வீடு வேணும், இந்த மாசக் கடைசிக்குள்ள எழும்புங்கோ" என்று வாயால் சொல்லி எழுப்புவதையும் ஏற்க முடியாது. மகனுக்கே வேண்டுமென்றால் வழி இருக்கிறது. உரிய படிவத்தில் 60 நாள் முன்னறிவித்தல், ஒரு மாத வாடகை நட்டஈடு, மகன் உண்மையில் வந்து ஓராண்டாவது அங்கே இருக்கவேண்டும். மகன் மிசிசாகாவில் கொண்டோவில் இருக்க, கீழ்த்தளம் கூடின வாடகைக்கு வேறு ஆளிடம் போயிருப்பதை இந்த ஊரில் மறைக்க முடியாது. நம் சனத்துக்குள் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். வாடகையை ஏற்றுவதற்கும் ஒழுங்கு உண்டு. 12 மாதத்துக்கு ஒருமுறை, 90 நாள் முன்னறிவித்தலோடு, மாகாணம் அந்த ஆண்டுக்குச் சொன்ன வீதத்துக்குள். 2025க்கு அது 2.5 வீதம், 2026க்கு 2.1. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய இடங்களுக்கு அந்த வீத வரம்பு இல்லை. ஆனால் அவற்றுக்கும் 90 நாள் உண்டு.

சமையலறையோ குளியலறையோ உங்கள் குடும்பத்தோடு பொதுவாக இருந்தால் வாடகைச் சட்டம் கீழே இருப்பவருக்குப் பொருந்தாது. இதைத் தெரிந்துகொண்டு, கீழே தனிச் சமையலறை இருக்க, "பொதுச் சமையலறை" என்று சொல்லச் சொல்லிக்கொடுக்கும் ஆலோசகர்கள் நம்மிடையே உலவுகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். உண்மையிலேயே உங்கள் சமையலறையைப் பகிர்கிறவர் என்றால், அவருக்குச் சட்டக் காப்பு இல்லாததால் உங்கள் எழுத்துதான் காப்பு. ஒரு பக்கத்தில் வாடகையையும், வெளியேறச் சொல்வதென்றால் எத்தனை நாள் தவணை என்பதையும் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கேட்க வேண்டுமென்றால் சின்ன வீட்டுக்காரர்களுக்கென்றே ரொறன்ரோவில் லாண்ட்லோர்ட்ஸ் செல்ஃப்-ஹெல்ப் சென்ரர் என்ற இலவச நிலையம் இருக்கிறது. சட்ட உதவி நிறுவனத்தின் காசில் இயங்குவது. நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள் தெற்காசியச் சட்ட உதவி நிலையத்துக்குப் போகலாம். அவர்கள் அங்கே போனால் உங்கள்மேல் வழக்குப் போடப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கையில் உள்ள காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத்தான் போகிறார்கள்.

வருகிற முதலாம் திகதி வாடகை வாங்கும்போது ரசீது ஒன்றையும் எழுதிக் கொடுங்கள். தொகை, திகதி, முகவரி, உங்கள் ஒப்பம். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கூட்டி எழுதுங்கள். நாங்கள் கூப்பிடும் செல்லப்பெயர் அலுவலகங்களில் எடுபடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரும் வரட்டும். பிறகு ஆறுதலாக இருந்து லீஸ் படிவத்தை நிரப்புங்கள். பெரும்பகுதி விளக்கந்தான். நாம் நிரப்ப வேண்டியது சில பக்கங்கள்தான். ஆங்கிலம் சிக்கலாகத் தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். சனிக்கிழமைப் பின்னேரங்களில் நான் வீட்டில்தான் இருப்பேன். நீங்களும் கீழே இருப்பவரும் சேர்ந்தே வாருங்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வாசித்துச் சொன்னால் பிறகு பிணக்கில்லை.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்களில் ஒருத்தி